ஒரே மாடல், வெவ்வேறு ஆண்டு: ஒரு பழைய சப்மரைனரை வாங்கிய விவரம்

என் அக்கா மகன் பல் மருத்துவர். மதுரை கே.கே. நகரில் சொந்தமாகக் கிளினிக் நடத்துகிறான். 2024 ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், காபி டம்ளரைக் கையில் வாங்கும்போதே, "மாமா, உங்கள் பழைய லென்ஸ் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டான். வங்கியில் முப்பத்தோரு ஆண்டுகள் அடகு நகை மதிப்பிட்டவனிடம் லென்ஸ் இல்லாமல் போகுமா? மேசை இழுப்பறையில் அது இருந்தது. கூடவே ரூபாய் நோட்டுச் சோதிக்கும் சிறிய ஊதா விளக்கும் இருந்தது. பின்னால் அந்த விளக்குதான் பெரிய வேலை செய்தது.

அவனுக்கு வேண்டியது ஒரு ரோலக்ஸ் சப்மரைனர் கைக்கடிகாரம். மாடல் எண் 16610. அதிலும் 1996இல் தயாரானதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவன் பிறந்தது 1996இல். பிறந்த ஆண்டுக் கடிகாரம் என்று ஒரு மோகம் இப்போது இருக்கிறதாம். எங்கள் காலத்தில் பிறந்த நட்சத்திரத்துக்கு மோதிரக் கல் பார்த்தார்கள். இதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அவன் கைக்கு இரண்டு கடிகாரங்கள் வந்திருந்தன. ஒன்று மதுரை நகரிலேயே பழைய கடிகாரம் விற்கும் ஒரு வணிகரிடம், விலை ₹8,25,000. மற்றொன்று இளையான்குடியில், ஜித்தாவில் இருந்து திரும்பிய ஒரு பெரியவரிடம், விலை ₹7,00,000. இரண்டுமே 1996 என்றுதான் சொல்லப்பட்டன. எது உண்மையான 1996, ஒன்றேகால் லட்சம் வித்தியாசம் எதற்காக என்பதே அவன் என்னிடம் கொண்டுவந்த கேள்வி.

எனக்குத் தங்கம் தெரியும், கடிகாரம் தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் டவுன் ஹால் ரோட்டில் நாற்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய கையும் என் கண்ணும் சேர்ந்து செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓர் எண்ணுக்குள் இருபது ஆண்டு

16610 என்ற மாடல் 1980களின் இறுதியில் தொடங்கி 2010 வரை வந்தது. கறுப்பு டயல், 40 மில்லிமீட்டர் கேஸ் (வெளிக்கூடு), 300 மீட்டர் ஆழம் வரை தாங்கும் திறன், உள்ளே 3135 மெஷின். இவை எதுவும் கடைசி வரை மாறவில்லை. கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் 1990இல் செய்ததையும் 2008இல் செய்ததையும் பிரித்துச் சொல்ல முடியாது. விற்பவர் வாய்க்கு வந்த ஆண்டைச் சொல்ல இது வசதி.

ஆனால் அந்த இருபது ஆண்டுகளில் நிறுவனம் ஓசையில்லாமல் சில சிறிய மாற்றங்களைச் செய்துகொண்டே வந்தது. அவற்றில் முதலாவது டயலின் அடியில், ஆறு மணிக் குறிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி இருக்கிறது. ஏறத்தாழ 1997 வரை 'சுவிஸ் – டி<25' என்று பொடி எழுத்தில் இருக்கும். டி என்பது ட்ரிட்டியம். இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய கதிரியக்கப் பொருள், 25 மில்லிகியூரிக்குக் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) குறைவாகவே இருக்கிறது என்பதற்கான உறுதிக் குறி அது. பிறகு கதிரியக்கம் இல்லாத லுமினோவா வந்தது. 1998, 1999 வாக்கில் வெறும் 'சுவிஸ்' என்று மட்டும் போட்டார்கள். அதற்குப் பிறகு 'சுவிஸ் மேட்'. ஆக, அரிசியில் கால்வாசி அகலம்கூட இல்லாத அந்த எழுத்தைப் படித்தாலே கடிகாரம் எந்தக் காலத்தது என்று பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது செயின். 2000 வரைக்கும் கேஸோடு சேரும் முனைத் துண்டு மடித்த தகடு, உள்ளே வெற்றிடம். செயினின் எண் 93150. அதற்குப் பிறகு கெட்டியான முனைத் துண்டு வந்தது, எண் 93250. செயின் மாட்டும் காதுகளில் வெளியே தெரியும்படி துளை இருந்தது. 2003 வாக்கில் அந்தத் துளையை அடைத்துவிட்டார்கள். 2000களின் பிற்பகுதியில் கண்ணாடிக்கும் டயலுக்கும் நடுவே உள்ள உள்விளிம்பில் நிறுவனப் பெயரைச் சுற்றிலும் பொறித்தார்கள்.

நகையில் இதைப் பார்த்துப் பழகியவன் நான். தோடு ஐம்பது வயது, திருகாணி ஐந்து வயது என்று வரும். அதில் தப்பில்லை, தங்கம் தங்கம்தான். ஆனால் "பாட்டி போட்டபடியே இருக்கிறது" என்று சொல்லி அதற்கும் சேர்த்து விலை கேட்டால் திருகாணியைத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான்.

ஆண்டு எங்கே எழுதியிருக்கிறது?

எங்குமே எழுதியில்லை. இதுதான் மாப்பிள்ளைக்கு முதல் அதிர்ச்சி. ஆறு மணிப் பக்கக் காதுகளுக்கு நடுவே, செயினுக்குப் பின்னால், வரிசை எண் பொறித்திருக்கும். செயினைக் கழற்றினால்தான் தெரியும். வெறும் எண்ணாக ஓடிக்கொண்டிருந்த வரிசை 1987இல் முடிவுக்கு வந்ததும் எழுத்தை முன்னால் போட்டுத் தொடங்கினார்கள். ஆர், எல், இ, எக்ஸ் என்று, நிறுவனத்தின் பெயரில் உள்ள எழுத்துகளையே, ஓ-வை மட்டும் விட்டுவிட்டு. பிறகு வரிசை வேறு எழுத்துகளுக்குப் போயிற்று. சேகரிப்பாளர்களின் அட்டவணைப்படி டி (T) என்றால் 1996, யு (U) என்றால் 1997. 2010 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த, ஒழுங்கில்லாத எண்கள். அவற்றிலிருந்து ஆண்டைப் படிக்க முடியாது.

இந்த அட்டவணை நிறுவனம் வெளியிட்டதல்ல. விற்பனைச் சீட்டுகளையும் கடிகாரங்களையும் ஒப்பிட்டு ஆர்வலர்கள் தொகுத்தது. ஓர் ஆண்டு முன்பின் இருக்கும். கேஸில் எண் பொறித்த நாள் ஒன்று, மெஷின் வைத்து மூடிய நாள் ஒன்று, கடையில் விற்ற நாள் ஒன்று. உத்தரவாதச் சீட்டில் இருப்பது விற்ற நாள் மட்டும்தான். பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டி எழுதிய தலைமுறைக்கு இது புரியும்: ஜாதகத்தில் ஒரு தேதி, சான்றிதழில் ஒரு தேதி, ஆள் ஒருவர்தான்.

முதல் கடிகாரம்

வணிகரின் கடை குளிரூட்டிய அறை. வெல்வெட் தட்டில் வைத்துக் கொடுத்தார். பளபளப்பு கண்ணைப் பறித்தது. எனக்கு அங்கேயே சந்தேகம் விழுந்தது. இருபத்தெட்டு வயது எஃகு இப்படி மின்ன வேண்டுமென்றால் யாரோ பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

செயினைக் கழற்றச் சொன்னதும் முகம் கொஞ்சம் மாறியது. நண்பர் பேசாமல் தன் சிறு ஊசியை எடுத்து, காதுத் துளைக்குள் விட்டு, அரை நிமிடத்தில் கழற்றிவிட்டார். வரிசை எண் டி-யில் தொடங்கியது. எழுத்துகள் கூர்மையாக, ஒளி பட்டால் மின்னும் வெட்டாக இருந்தன. கேஸ் சரி, 1996 என்பதும் சரி. மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பிறகு டயல். 'சுவிஸ் – டி<25' இருந்தது. மணிக் குறிகளின் பூச்சு பழுத்த தந்த நிறத்துக்கு வந்திருந்தது. லென்ஸில் எழுத்துகளின் ஓரம் கத்தரித்த மாதிரி இருந்தது. மேலே மறுபடி எழுதிய தடயம் இல்லை. (நம் ஊர் எச்.எம்.டி. கடிகாரங்களின் டயல்களைச் சுரண்டிப் புதுச் சாயம் பூசி விற்கும் தொழில் எவ்வளவு பெரிதென்று நண்பர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1960களில் பெங்களூரில் கனவிலும் வராத மயில் நீலமும் கிளிப் பச்சையும் இன்று 'அரிய பழைய டயல்' என்று விற்கின்றன.) இந்த டயல் அப்படியல்ல. நிஜமான பழைய டயல்.

முட்கள்தான் உறுத்தின. டயல் தந்த நிறம், முட்கள் பால் வெள்ளை.

பையிலிருந்து ஊதா விளக்கை எடுத்தேன். "அறை விளக்கை ஒரு நிமிடம் அணைக்க முடியுமா?" என்று கேட்டேன். வணிகர் அணைத்தார். கடிகாரத்தின் மேல் விளக்கைப் பத்து விநாடி காட்டிவிட்டு நிறுத்தினேன். டயலின் குறிகள் மங்கலாக ஒளிர்ந்து, நாலைந்து விநாடிகளில் அணைந்துபோயின. மூன்று முட்கள் மட்டும் பச்சையாக இருட்டில் மிதந்துகொண்டிருந்தன. மணி பதினொன்று பத்து. நாங்கள் நால்வரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1996இல் பூசியதில் இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அது தானாக ஒளிராது. விளக்கு காட்டினாலும் பிடித்துவைத்துக்கொள்ளாது. லுமினோவா நேர் எதிர், வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாக விடும். ஆகவே டயல் ஒரு காலத்தது, முட்கள் இன்னொரு காலத்தவை.

செயினில் எண் 93250, கெட்டி முனைத் துண்டு. 1996இல் அது பிறக்கவே இல்லை. காதுகளின் துளை விளிம்பும் மேல் ஓரமும் வழுவழுவென்று உருண்டிருந்தன. குறைந்தது இரண்டு தடவை மெருகு ஏறியிருக்கிறது என்றார் நண்பர். மெருகு என்றால் சேர்ப்பதல்ல, எஃகைத் தேய்த்து எடுப்பது. நகைக்கடையில் பாலிஷ் போட்ட வளையலை எடை போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

"எல்லாம் ஒரிஜினல் பாகங்கள்தான், சார்" என்றார் வணிகர். அவர் பொய் சொல்லவில்லை. கேஸ், டயல், முள், செயின் எல்லாமே அதே நிறுவனம் செய்தவை. போலி ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரே ஆண்டுப் பிறவிகளும் இல்லை. 1996க்கும் 2001க்கும் நடுவில் பிறந்தவர்களைக் கூட்டிவைத்த குடும்பம் அது. இதை இப்படியே சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் குறை சொல்ல மாட்டேன். 'அப்படியே இருக்கும் 1996' என்று சொன்னதும், அதற்கான விலையைக் கேட்டதும்தான் குறை.

இளையான்குடிப் பயணம்

அடுத்த வாரம் சிவகங்கை வழியாகக் காரில் போனோம். மாறனார் ஊர் அது. விருந்தினருக்குச் சோறிட, விதைத்த நெல்லை நள்ளிரவில் வயலிலிருந்து வாரி வந்த நாயனார் பிறந்த மண். அந்தப் பழக்கம் ஊரை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது. சாப்பிடாமல் கடிகாரத்தைக் காட்ட மாட்டேன் என்று பெரியவர் பிடிவாதம் பிடித்தார். பிரியாணியும் தால்சாவும் முடிந்து கை கழுவி உட்காரும்போது மணி இரண்டு.

இருபத்து நான்கு ஆண்டுகள் ஜித்தாவில் இருந்தவர். கடிகாரத்தைப் பீரோவிலிருந்து எடுத்து வெள்ளைக் கைக்குட்டையில் வைத்துக் கொடுத்தார். மினுமினுப்பு இல்லை. பக்கவாட்டில் கீறல்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழல் வளையத்தின் கறுப்பு, வெயிலில் காய்ந்து சாம்பல் நீலமாக வெளிறியிருந்தது. பார்த்ததும் மாப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

"இதைப் பாலிஷ் போட்டிருக்கிறீர்களா, பாய்?" என்று கேட்டேன்.

"பாலிஷா? சர்வீஸே ஒரு தடவைதான் செய்திருக்கிறேன், அண்ணே. அதுவும் 2006இல், ஜித்தாவில்."

நண்பர் செயினைக் கழற்றினார். காதுகளுக்கு நடுவில் அரபு நாட்டுப் புழுதியும் வியர்வையும் சேர்ந்து காய்ந்த பழுப்புப் படிவு. ஈரத் துணியால் துடைத்தோம். வரிசை எண் யு-வில் தொடங்கியது.

உத்தரவாதச் சீட்டு இருந்தது. அந்தக் காலத்துக் காகிதச் சீட்டில் வரிசை எண்ணை அச்சடிக்காமல் பொடித் துளைகளாகக் குத்தியிருப்பார்கள். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். கேஸில் இருந்ததோடு பொருந்தியது. கடை முத்திரையில் ஆண்டு 1998. ஆக, 1997இல் செய்து, 1998இல் விற்றது. 1996 என்று பெரியவர் சொன்னது ஏமாற்றல்ல. தாம் எந்த ஆண்டு வாங்கினோம் என்பதையே அவர் மறந்துவிட்டார். மூத்த மகள் திருமணத்துக்கு இரண்டு வருஷம் முன்பு என்று கணக்கு வைத்திருந்தார்.

ஊதா விளக்கை அங்கேயும் காட்டினேன், கதவைச் சாத்திவிட்டு. டயலும் முட்களும் சுழல் வளையத்தில் உள்ள ஒளிரும் முத்துப் புள்ளியும் ஒன்றாக மினுக்கி, ஒன்றாக அணைந்தன. டயலின் அடியில் 'டி<25'. செயின் 93150. முனைத் துண்டில் 501பி என்ற குறி, மடித்த தகடு. செயினைக் கிடையாகப் பிடித்தபோது நடுவில் தொய்ந்து தொங்கியது, இருபத்தாறு ஆண்டு கை அசைவின் தேய்மானம். காதுகளின் ஓரம் மட்டும் இன்னும் விரலைக் கீறும் அளவுக்குக் கூராக இருந்தது. நண்பர் அந்த ஓரத்தின் மேல் கட்டைவிரலை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு விலையைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

குறை மெஷினில் இருந்தது. நண்பர் கொண்டுவந்திருந்த துடிப்புக் கருவியில் வைத்தோம். விநாடிக்கு எட்டுத் துடிப்பு உள்ள மெஷின் இது. நாளுக்கு 11 விநாடி பின்தங்கியது. இங்குமங்கும் ஆடி நேரத்தைக் காக்கும் சமநிலைச் சக்கரத்தின் வீச்சு 208 பாகை, 270க்கு மேல் இருக்க வேண்டியது. எண்ணெய் காய்ந்துவிட்டது. தேதி மாற நள்ளிரவு தாண்டிக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பெரியவரே சொன்னார்.

கிளம்பும் நேரத்தில் அவர் மனைவி உள்ளே போய் ஒரு பழைய சோப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். திறந்தால் செயினிலிருந்து கழற்றிய இரண்டு துண்டுகளும் அவற்றின் திருகுகளும் பஞ்சில் சுற்றி இருந்தன. "1998இல் கழற்றியது. தூக்கிப் போட மனம் வரவில்லை" என்றார். நகை மதிப்பீட்டாளனாகச் சொல்கிறேன், வணிகரின் வெல்வெட் தட்டைவிட அந்தச் சோப்புப் பெட்டிக்கு நான் அதிகம் கொடுப்பேன்.

முடிவு

வழி நெடுக மாப்பிள்ளைக்கு ஒரே குழப்பம். "டி எழுத்து அங்கே இருக்கிறது மாமா, மனசுக்குப் பிடித்தது இங்கே இருக்கிறது" என்றான். 1996 என்ற எண்ணுக்காகத்தான் தேடத் தொடங்கினான். அந்த எண்ணோ, பாகம் மாறிய கடிகாரத்தில் அகப்பட்டிருக்கிறது. மானாமதுரையில் டீ குடிக்க நிறுத்தியபோது கணக்குப் போட்டோம். வணிகரின் கடிகாரத்தை ஒரே காலத்துக்குக் கொண்டுவர ட்ரிட்டியம் பூசிய பழைய முட்கள் வேண்டும், பழைய 93150 செயின் வேண்டும். கிடைத்தால் அவற்றுக்குத் தனி விலை. தேய்ந்துபோன காதுகளுக்கு எந்தச் சந்தையிலும் மாற்று இல்லை. இளையான்குடிக் கடிகாரத்துக்கு வேண்டியது சர்வீஸ் மட்டும். நண்பரின் மதிப்பீடு ₹38,000.

நான் அவனிடம் இன்னொன்றையும் சொன்னேன். நாள் முழுவதும் கையுறையும் தண்ணீருமாக வேலை செய்கிறவனுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. 2004க்கும் 2007க்கும் இடைப்பட்ட ஒன்று போதும். செயின் உறுதி, இருட்டில் ஒளிரும், ஒரிஜினல் முள்ளா என்ற வழக்கே வராது. அவன் கேட்கவில்லை. கல்யாணப் பெண் பார்க்கும்போதும் பெரியவர்கள் சொல்வதை இவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள்.

இளையான்குடிக் கடிகாரம் ₹6,60,000க்கு முடிந்தது. சர்வீஸ் செலவை ஏற்றுக்கொண்டு பெரியவர் இறங்கி வந்தார். பாதியை ரொக்கமாகக் கேட்டார். ஒரே விற்பனையில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், ரொக்கத்தைப் பெறுகிறவருக்குத்தான் அதே அளவு அபராதம் என்று 2017 முதல் விதி இருப்பதைச் சொன்னதும் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டார். வரிசை எண், மாடல் எண், செயின் எண் மூன்றையும் எழுதிய ரசீதில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வணிகருக்கு மாப்பிள்ளை போன் செய்து, வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னான். காரணம் அவர் கேட்கவில்லை.

சர்வீஸ் மேசையில்

நண்பரின் கடையில் வேலைச் சீட்டு எழுதும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். டயலை மாற்றக் கூடாது, முட்களை மாற்றக் கூடாது, கேஸுக்கும் செயினுக்கும் மெருகு கூடாது என்று மூன்று வரி எழுதச் சொன்னேன். அவர் சிரித்தார். ஆனால் பெரிய சர்வீஸ் மையங்களுக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ட்ரிட்டியம் டயல் கெட்டுப்போனது என்று கருதி, நல்லெண்ணத்தோடு புதிய டயலைப் பொருத்திப் பழையதை எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி ஒரு 'உதவி'யில்தான் வணிகரின் கடிகாரம் தன் முட்களை இழந்திருக்க வேண்டும் என்பது நண்பரின் ஊகம்.

பின்மூடியைத் திறந்தார். உள்பக்கத்தில் ஊசியால் கீறிய மாதிரி பொடியாக ஒரு தேதி, அரபு எண்களில். பழுது பார்க்கிறவர்கள் தங்கள் வேலைக்கு வைக்கும் அடையாளம் அது. பாய் சொன்ன 2006. அதைத் தவிர வேறு கீறல் இல்லை.

ரப்பர் வளையங்களும் சாவியின் உள் வாசரும் மாறின. மெஷின் முழுதாகப் பிரிந்து, சுத்தமாகி, எண்ணெய் பட்டுச் சேர்ந்தது. இப்போது நாளுக்கு 3 விநாடி முந்துகிறது, வீச்சு 284. தேதி பன்னிரண்டு அடித்ததும் டக்கென்று விழுகிறது. அழுத்தச் சோதனையில் தாங்கியது. ஆனாலும் நீச்சல் குளத்துக்குக் கட்டிக்கொண்டு போகாதே என்று நண்பர் எச்சரித்தார்.

கடிகாரம் கைக்கு வந்த அன்று இரவு அக்கா வீட்டில் சாப்பாடு. நடுவில் மின்சாரம் போய்விட்டது. இருட்டில் அக்காவின் குரல் மட்டும் கேட்டது: "மணி என்னடா ஆகிறது?"

மாப்பிள்ளை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. போனை எடுத்து டார்ச்சைக் கடிகாரத்தின் மேல் அடித்து, "எட்டு நாற்பது" என்றான்.

"ஏழு லட்சம் ரூபாய் கடிகாரத்தில் மணி பார்க்க டார்ச் அடிக்கிறானே, இவனை நீயும் சேர்ந்துதான் கெடுத்தாயா?" என்று என்னைக் கேட்டாள் அக்கா.